சேமும் சமமும் பங்காளிகள்

கால்பந்தில் ஒருவர் தன் அணியின் வலைக்குள்ளேயே பந்தை அடித்துவிட்டால் நாம் ‘சேம் சைடு கோல்’ என்கிறோம். இங்கிலாந்தில் அதற்குப் பெயர் ‘ஓன் கோல்’. ‘சேம் சைடு கோல்’ நம் பக்கத்து வழக்கு. மைதானத்தைத் தாண்டி, சொந்தக் கட்சிக்காரரையே மேடையில் தாக்கிப் பேசும் அரசியல்வாதி வரைக்கும் அது வந்துவிட்டது. வாங்கிய சொல்லை இவ்வளவு உரிமையோடு கையாள்கிற நாம், அது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறையாவது கேட்க வேண்டாமா?

சென்னையிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையில், மாங்காடு வழியாகக் குன்றத்தூர் போகும் சாலை பிரிகிற இடம் குமணன்சாவடி. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை திட்டமிடப்பட்ட மெட்ரோ நான்காம் வழித்தடத்தில் இதுவும் ஒரு நிலையம். இந்தச் சந்திப்பைச் சுற்றியுள்ள கடைகளில் ‘சேம்’ காதில் விழாத நேரம் குறைவு. “அக்கா, இந்தப் புடவைக்கு சேம் கலர்ல பிளவுஸ் பிட் இருக்கா?” என்று மேட்சிங் கடையில் ஒரு குரல். “அண்ணா, சேம் சைஸ்ல இன்னும் ரெண்டு காப்பி போடுங்க” என்று ஜெராக்ஸ் கடையில் இன்னொரு குரல். ஒரே நிறத்தில் சட்டை போட்டு வந்த இரண்டு பிள்ளைகள் ‘சேம் பிஞ்ச்’ என்று ஒருவர் கையை ஒருவர் கிள்ளிக்கொள்கிறார்கள். தமிழில் சொல் இல்லாமல் அவர்கள் இதைச் சொல்லவில்லை. அதே, ஒரே, ஒத்த, நிகர், இணை, ஈடு, நேர் என்று எத்தனையோ இருக்கின்றன. இருந்தும் ‘சேம்’ நாக்கில் ஒட்டிக்கொண்டது.

இந்தச் சொல் ஆங்கிலேயருக்கும் வந்த சொல்தான். பழைய ஆங்கிலத்தில் ‘அதே’ என்பதற்கு ‘இல்க்கா’ என்றொரு சொல் இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வே பக்கமிருந்து கடல் வழியாக வந்தவர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். 878-இல் ஆல்ஃபிரட் அரசன் அவர்களைத் தோற்கடித்தான். ஆனாலும் அவர்களைத் துரத்திவிட முடியவில்லை. நாட்டின் ஒரு பாகத்தை அவர்கள் ஆட்சியில் விட்டு உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. அப்புறம் சண்டை போட்டவர்கள் ஒரே சந்தையில் மாடு வாங்கினார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். முட்டைக்கான ‘எக்’, கத்திக்கான ‘நைஃப்’, சன்னலுக்கான ‘விண்டோ’, கணவனுக்கான ‘ஹஸ்பண்ட்’, ‘அவர்கள்’ என்பதற்கான ‘தே’ எல்லாம் அந்தக் குடியேறிகளின் நார்ஸ் மொழி தந்தவை. ‘சேம்’ அவற்றோடு வந்தது. 1200-ஐ ஒட்டி ஆங்கில எழுத்தில் தலைகாட்டி, பிறகு ‘இல்க்கா’வை மெல்ல ஓரங்கட்டிவிட்டது. அந்தப் பழைய சொல் இன்று ஸ்காட்லாந்தின் குடும்பப் பட்டப் பெயர்களிலும் ‘அந்த ரகத்து ஆட்கள்’ என்ற பொருளிலும்தான் உயிரோடிருக்கிறது.

நார்ஸ் மொழிக்கு முந்திய தடத்தைத் தேடிப்போனால் வழி நம் ஊர்ப்பக்கம் திரும்புகிறது. சமஸ்கிருதத்தின் ‘சம’வும் நார்ஸின் ‘சேம்’ சொல்லும் ஒரு மூலத்திலிருந்து பிரிந்தவை. அந்த மூலமொழிக்கு இந்தோ-ஐரோப்பிய முதல்மொழி என்று பெயர். கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளில் ஐயாயிரம் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் அது பேசப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதில் ‘ஸெம்’ என்றால் ஒன்று. ஒன்றாயிருப்பது, ஒன்றுபோலிருப்பது, ஒன்றுசேர்வது எல்லாம் அதிலிருந்து கிளைத்தன. ஒரு கிளை வடக்கே பனிக்கடலுக்குப் போனது. இன்னொன்று கங்கைக்கரைக்கு வந்து, அங்கிருந்து ‘சமம்’ என்று தமிழுக்குள் நுழைந்தது. குமணன்சாவடிக் கடைக்காரர் “சேம்தான்மா, ரெண்டும் சமம்” என்று சொன்னால், பல்லாயிரம் ஆண்டு பிரிந்து வாழ்ந்த பங்காளிகள் இருவரை ஒரே வாக்கியத்தில் உட்கார வைக்கிறார்.

இந்தக் குடும்பம் பெரியது. சமம், சமன், சமரசம் ஆகியவை அந்தச் ‘சம’விலிருந்தே வந்தவை. ‘சம்’ என்னும் முன்னொட்டும் இந்த வம்சம்தான். சங்கம், சங்கீதம், சம்சாரம், சந்தோஷம், சமாதானம் எல்லாவற்றின் தலையிலும் அது இருக்கிறது. லத்தீன் வழியாக வந்தவை சிங்கிள், சிம்பிள், அசெம்பிளி. ‘அதுபோலச் செய்’ என்று பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்களைச் சேர்த்து, பின்பு குறுக்கியதுதான் ஃபேக்ஸ். கிரேக்கர்கள் சொல்லின் முதலில் வரும் ஸகரத்தை ஹகரமாக்கிவிட்டார்கள். ஆகவே அவர்களிடம் இது ‘ஹோமோ’ ஆயிற்று. நோயைப் போன்ற குறியை உண்டாக்கும் மருந்தே நோயைத் தீர்க்கும் என்ற கொள்கைக்கு ஹோமியோபதி என்று பெயர் வைத்தபோது அந்தக் கிரேக்கச் சொல் பயன்பட்டது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் அனுப்பிய தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்குச் ‘சமோவார்’ நினைவிருக்கும். ‘தானே கொதிப்பது’ என்று பொருள்படும் அந்த ரஷ்யச் சொல்லின் முன்பாதி ‘சேம்’ சொல்லின் உறவு. மலேசியாவில் நன்றி சொன்னால் ‘சமா சமா’ என்று பதில் வரும். ‘நமக்குள் சமம்தான்’ என்பது போன்ற அந்த மறுமொழியை அங்குள்ள தமிழர்கள் அன்றாடம் கேட்கிறார்கள். மலாய் மொழி அதைச் சமஸ்கிருதத்திலிருந்து பெற்றது. சமோசா மட்டும் இந்த உறவில் வராது. அது பாரசீகத்திலிருந்து வேறு வழியில் வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். ஒலி ஒன்றாயிருப்பதால் பிறப்பும் ஒன்று என்று முடிவுகட்டும் பழக்கம் நம்மிடம் வேகமாகப் பரவிவருகிறது. ‘ஒன்று’தான் ஆங்கிலத்தில் ‘ஒன்’ ஆயிற்று என்று மேடையில் பேசுகிறார்கள், கைத்தட்டலும் கிடைக்கிறது. தமிழின் மேலுள்ள பாசத்தால் சொல்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் அது உண்மையில்லை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் ‘ஆன்’. முன்னே வகர ஒலி வந்து ஒட்டிக்கொண்டது இடைக்காலத்தின் பிற்பகுதியில். ‘ஒன்லி’, ‘அலோன்’ ஆகியவற்றில் வகரம் இல்லாத பழைய உச்சரிப்பின் வழி இன்னும் இருக்கிறது. ஜெர்மானியர் ‘ஐன்ஸ்’ என்கிறார்கள், ரோமானியர் ‘ஊனுஸ்’ என்றார்கள். நம்முடைய ஒன்றுக்கு உறவினர் கன்னடத்து ‘ஒந்து’, மலையாளத்து ‘ஒன்னு’, துளுவின் ‘ஒஞ்சி’. இன்றைய ஒலி ஒற்றுமை தற்செயல். உறவு என்று சொல்ல வேண்டுமானால் ஒரு சொல் போதாது. ஒலிமாற்றம் முறையாக வரவேண்டும். சமஸ்கிருதத்தில் ஏழு ‘சப்த’, லத்தீனில் ‘செப்டெம்’, கிரேக்கத்தில் ‘ஹெப்டா’. ‘சம’, ‘சிமுல்’, ‘ஹோமோ’ என்பதிலும் அதே வரிசை. ஒரே இடத்தில் ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப வருவதுதான் சாட்சி.

குமணன்சாவடியின் பெயருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். புறநானூற்றில் பெருஞ்சித்திரனாரும் பெருந்தலைச் சாத்தனாரும் பாடிய குமணன் முதிர மலைத் தலைவன். பெயர் ஒன்றாயிருப்பதைக் கண்டு அந்த வள்ளலை இந்தச் சாவடிக்குக் கூட்டிவர மனம் ஆசைப்படும். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் சங்க காலத்துத் தலைவனையும் இந்த ஊரையும் இணைக்கப் பெயர் ஒன்று மட்டும் போதாது. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கும் இடம். அடுத்த ஊர் கரையான்சாவடி. சாலையை நம்பி வளர்ந்த ஊர்கள் என்பதை அந்தப் பின்பாதியே சொல்லிவிடுகிறது.

சொல்லுறவை முறையாக ஆராயும் இந்த வழி, சென்னையில் ஒரு பெரிய கண்டுபிடிப்பைத் தந்தது. 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரு மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பேசினார். அதன்பின் இந்திய மொழிகள் எல்லாமே சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்று பலர் எண்ணினார்கள். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் அதை மறுத்தார். 1816-இல் கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலின் முன்னுரையோடு சேர்த்து ஒரு குறிப்பு எழுதி, தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை அருகருகே வைத்துக் காட்டினார். இவை தங்களுக்குள் உறவு, சமஸ்கிருதத்தின் வழி வந்தவை அல்ல என்றார். இது கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவருவதற்கு நாற்பது ஆண்டு முன்பு. எல்லிஸ் 1819-இல் இராமநாதபுரத்தில் இறந்துபோனார். கால்டுவெல்லுக்குக் கடற்கரையில் சிலை இருக்கிறது. எல்லிஸை அவ்வளவாக யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

அந்த ஆராய்ச்சி நமக்குத் தருவது என்ன? ‘சமம்’ தமிழுக்கு வந்த சொல், பிறந்த சொல் அல்ல. ஆனால் வந்து மிக நீண்ட காலமாகிவிட்டது. துலாக்கோல் போல ஒரு பக்கம் சாயாமல் நிற்பதே சான்றோர்க்கு அழகு என்று சொல்லும் 118-ஆம் குறளில் ‘சமன்’ இருக்கிறது. பிறப்பில் எல்லா உயிரும் ஒன்றே என்று சொல்லும் 972-ஆம் குறளில் வள்ளுவர் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. ‘ஒக்கும்’ என்ற தமிழ்ச் சொல்லை வைத்தார். தராசுக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று. வேண்டுமென்றே செய்தாரா, யாப்பு அப்படி அமைந்ததா என்பதைப் புலவர்கள் பேசட்டும். இரண்டையும் அவர் கையில் வைத்திருந்தார் என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

தமிழ் தன் சொந்தச் சரக்கை வைத்து ஒன்றாயிருப்பதைச் சொல்லும் விதம் அழகானது. இரண்டு வழிகள் இருக்கின்றன. ‘அது’ என்ற சுட்டோடு ஏகாரம் சேர்த்தால் ‘அதே’. ‘ஒரு’ என்ற எண்ணோடு ஏகாரம் சேர்த்தால் ‘ஒரே’. ஒரே ஊர்க்காரர், ஒரே தெரு, ஒரே பள்ளி. ‘ஒன்று’ என்பதிலிருந்து ‘அதுவே’ என்ற பொருளுக்கு வந்த ‘சேம்’ சொல்லின் பயணமும் இதுதான். உறவே இல்லாத இரு மொழிக் குடும்பங்கள் தனித்தனியே அதே எண்ணத்தை அடைந்திருக்கின்றன. ‘அதே’வுக்கும் அப்படி ஒரு ஜோடி உண்டு. லத்தீனில் ‘அது’ என்ற சுட்டுச் சொல்லோடு அழுத்தம் தரும் விகுதி சேர்ந்து ‘இடெம்’ ஆயிற்று. அதிலிருந்து வந்ததுதான் ஐடென்டிட்டி. கழுத்தில் ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு லத்தீன் ‘அதே’ தொங்குகிறது.

ஆங்கிலத்தின் ‘சேம்’ செய்யாத ஒரு காரியத்தைத் தமிழ் செய்கிறது. ‘நாங்கள் இருவரும் சேம் கார் வைத்திருக்கிறோம்’ என்பதை ஆங்கிலத்தில் சொன்னால், ஒரு காரை இருவர் ஓட்டுகிறார்களா, ஒரே மாடலில் இரண்டு கார் இருக்கிறதா என்பது சொல்லில் இல்லை. இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழில் ‘அதே சட்டை’ வேறு, ‘அதே மாதிரி சட்டை’ வேறு. நேற்றுப் போட்டதையே இன்றும் போட்டு வந்தால் முதலாவது. துணி எடுத்துக் கொடுத்து அளவுச் சட்டையைப் பார்த்துத் தைக்கச் சொன்னால் இரண்டாவது. தத்துவ வகுப்பில் பக்கம் பக்கமாக விளக்கும் வேறுபாட்டைத் தையற்காரரிடம் பேசும்போது நாம் தடுமாறாமல் கடைப்பிடிக்கிறோம். ‘சேம் சட்டை’ என்று சொல்லப் பழகப் பழக இந்தக் கூர்மை மழுங்கும். ‘சேம்’ வேண்டாம் என்பது என் கட்சியல்ல. ‘மாதிரி’ போய்விடக் கூடாது என்பதுதான் கவலை.

ஒப்புமையை நம்மவர்கள் எவ்வளவு நுட்பமாகப் பார்த்தார்கள் என்பதற்குத் தொல்காப்பியத்தின் உவமவியல் போதும். அன்ன, போல, ஒப்ப, நிகர்ப்ப என்று முப்பத்தாறு உவம உருபுகளை அது அடுக்குகிறது. ஒன்றை இன்னொன்றுக்கு ஒப்பிட்டால் எதனால் ஒப்பு என்று கேட்கிறது. செயலாலா, பயனாலா, வடிவாலா, நிறத்தாலா என்று நான்கு வகை. 

‘மேலே சொன்னதே’ என்று எழுதுவதற்கும் நம்மிடம் தனி எழுத்து உண்டு. பூந்தமல்லியில் சார்பதிவாளர் அலுவலகத்துப் பக்கம் பத்திரம் எழுதுகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். பழைய தாய்ப்பத்திரங்களில் ‘௸’ என்றொரு குறி வரும். மேற்படி என்பதன் சுருக்கம் அது. எழுத்தைப் பார்த்து ‘ஷை’ என்றே படிப்பார்கள். ஷை சொத்து, ஷையார் என்று வழக்காகிவிட்டது. இன்றும் அலைபேசியின் தமிழ் எழுத்துத் தொகுப்பில் அதற்கு இடமுண்டு. ஆங்கிலத்து ‘டிட்டோ’வும் இதே வேலைக்குப் பிறந்ததுதான். ‘சொல்லப்பட்டது’ என்ற பொருளில் இத்தாலியின் டஸ்கனிப் பேச்சிலிருந்து வந்த அது, ஒரே மாதத்தின் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதாமலிருக்கப் பதினேழாம் நூற்றாண்டில் பயன்பட்டது. மேற்படிக்கும் டிட்டோவுக்கும் எண்ணம் ஒன்று. கையால் பத்திரம் எழுதும் வழக்கம் போனபின் ௸ குறியும் மங்கிவிட்டது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்தால், பாட்டனாரின் பத்திரத்தில் எந்தச் சர்வே எண் எதைக் குறிக்கிறது என்று சொல்ல ஆளிருக்காது.

சேமுக்கும் சமத்துக்கும் இன்று தொழில் வேறு. ஆங்கிலத்தில் ‘சேம்’ என்றால் வேறுபாடில்லாதது. ‘ஈக்வல்’ என்பது தனி. தமிழில் ‘சமம்’ இந்த இரண்டாவது வேலையைத்தான் முக்கியமாகச் செய்கிறது. வேறுவேறாக இருப்பவர்களை நிகராக நடத்துவது அதன் வேலை. பூந்தமல்லிக்காரர்களுக்கு இது பழைய கதை. திருக்கச்சி நம்பி இந்த ஊர்க்காரர். அந்தணரல்லாத அவர், காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்தவர். இதே சாலையில் மேற்கே போனால் வரும் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் அவரைக் குருவாகக் கருதினார். நம்பி உண்ட இலையில் மிஞ்சியதைத் தான் உண்ண வேண்டும் என்று விரும்பி வீட்டுக்கு அழைத்தார். இராமானுசர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து உண்டுவிட்டுப் போனார். இராமானுசரின் மனைவி இலையை எறிந்து, இடத்தை மெழுகி, குளித்துவிட்டுப் புதிதாகச் சமைத்திருந்தார். திரும்பிவந்து அதைக் கண்ட இராமானுசர் மனம் நொந்தார் என்று வைணவ மரபு சொல்கிறது. பக்தியில் நம்பி யாருக்கும் குறைந்தவரில்லை என்பது அந்த வீட்டில் தெரிந்ததுதான். ஆனால் இலை எடுக்கும்போது அந்த அறிவு உதவவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில்தான் ‘சமம்’ என்ற சொல் தன் கடினமான வேலையைச் செய்திருக்கிறது. சமபந்தி என்ற சொல்லே அதற்குச் சாட்சி. 1997-இல் கருணாநிதி ஆட்சியில் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரம் அந்தச் சொல்லைப் பந்தியிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது. முதலாவது சமத்துவபுரம் 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. ஊருக்கு நூறு வீடு. ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எண்கள் ஒன்றாயில்லை. சமத்தை உண்டாக்க எண்களை ஒரே மாதிரி வைக்கக் கூடாது என்று திட்டம் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கணக்கு சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

சேமுக்கும் சமத்துக்கும் நடுவிலுள்ள தூரம் இன்று நன்றாகத் தெரிவது அரசுப் பள்ளிகளில். 2009 மே 31 வரை வேலைக்குச் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்று வைக்கப்பட்டது. ஒருநாள் கழித்து, ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. அதே பாடப்புத்தகம், அதே வகுப்பு, அதே மணி, அதே பிள்ளைகள். வேலை ஒன்றுதான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இந்தச் சம்பளத்தைச் சரிசெய்யக் கேட்டு 2018 டிசம்பரில் அந்த ஆசிரியர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். பலர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதன்பிறகும் பலமுறை திரண்டார்கள். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்பதுதான் அவர்களுடைய முழக்கம். சமத்தை இரண்டுமுறை சொல்கிறார்கள். முதல் சமம் அவர்கள் ஏற்கெனவே ஒவ்வொரு நாளும் செய்துகொண்டிருப்பது, இரண்டாவதைத்தான் கேட்கிறார்கள்.